பேட் இல்லாத கோட்: கை பொருத்தும் வரை வந்தாயிற்று

இப்போது தைத்துக்கொண்டிருக்கும் கோட்டில் ஷோல்டர் பேட் கிடையாது, முதுகில் லைனிங்கும் கிடையாது. சென்னைப் புழுக்கத்தில் போடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதால் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பாணியை எடுத்துக்கொண்டேன். அதுவும் வெயில் ஊர்தான். 1930களில் ஜென்னாரோ ருபினாச்சி அங்கே நடத்திய கடையின் பெயர் 'லண்டன் ஹவுஸ்'. பெயருக்கு ஏற்ப ஆங்கிலேயர் உடைமீது மோகம். ஆனால் அங்கே கட்டிங் பார்த்த வின்சென்சோ அட்டோலினி, கோட்டுக்குள் இருந்த பேடையும் கனத்தையும் உருவி எடுத்துவிட்டார். லண்டன் கோட்டுக்கு மாற்று அந்தக் கடையிலிருந்தே வந்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

காடா துணியில் மாதிரி வெட்டித் தோளைச் சரிபார்த்த பிறகுதான் நல்ல துணியில் கத்திரி வைத்தேன். நன்றாக முறுக்கிய நூலில் இடைவெளி விட்டு நெய்த கம்பளி அது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். கம்பளியா என்று முகம் சுளிக்க வேண்டாம், பாலியெஸ்டர் சூட்டிங்கைவிட இதில் காற்று நன்றாகவே போகும்.

அதிக நேரம் பிடித்தது முன்பக்கம். ரெடிமேட் கோட்டுகளில் பெரும்பாலும் ஃப்யூசிங்தான், அதாவது பசை தடவிய உள்துணியைச் சூட்டில் ஒட்டிவிடுவார்கள். பசை விட்டுப்போனால் மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். நான் வைத்திருப்பது குதிரை முடி கலந்து நெய்த கேன்வாஸ். இதை ஒட்ட முடியாது, கையால்தான் தைத்தாக வேண்டும். லேப்பலை, அதாவது காலருக்குக் கீழே மார்பில் மடிந்து விழும் பகுதியை, இடது கை விரல்மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னச் சாய்வுத் தையலாக வரிசை வரிசையாகப் போட வேண்டும். ஊசி மேல்துணியில் ஓரிரு இழையை மட்டும் கவ்வணும், வெளியே தெரியக் கூடாது. விரல் கொடுத்த வளைவு அப்படியே தையலில் தங்கிவிடுகிறது. விரலை எடுத்த பிறகும் லேப்பல் தானாகச் சுருண்டு நிற்கிறது. இஸ்திரி போட்டு மடித்தால் இந்த வளைவு வராது.

லைனிங் வைத்தால் அதற்கு அடியில் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? அது இல்லாததால் ஒவ்வொரு தையல் ஓரத்துக்கும் துணியைச் சாய்வாக நறுக்கிய பட்டையான கிராஸ் பீஸ் வெட்டிப் பைப்பிங் கட்ட வேண்டியிருந்தது. உள்ளே பொருள் குறையக் குறைய வேலை ஏறுகிறது. லண்டனின் தையல்கடைத் தெருவான சேவில் ரோவில், அளவெடுத்துத் தைப்பவர்களின் பெஸ்போக் சங்கம் ஒரு சூட்டுக்குக் கைவேலை மட்டுமே குறைந்தது 50 மணி நேரம் என்று வைத்திருப்பதை இப்போது நம்ப முடிகிறது.

இவ்வளவு தொளதொளப்பான கோட்டை கிளாசிக் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1865இல் வேல்ஸ் இளவரசர் தன் சான்ட்ரிங்காம் மாளிகையில் நெருங்கியவர்களோடு சாப்பிடும்போது போட லண்டன் தையல்கடையான ஹென்றி பூல் தைத்துக் கொடுத்தது ஒரு குட்டைக் கோட். வால் கோட்டுக்கு முன்னால் அது வெறும் சௌகரிய உடுப்பு. இன்று அதன் வாரிசான டக்சீடோதான் பெரிய விருந்துகளில் மரியாதையான உடை. இன்று சாதாரணமாக சூட் என்று சொல்லும் லவுஞ்ச் சூட்டும் ஓய்வு நேரத்து உடையாக வந்து, பிறகுதான் ஆபீஸ் சீருடை மாதிரி ஆனது. 2019இல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியே சூட் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டது. எதை எங்கே போடலாம் என்பது இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது. தோள் தூக்காமல் விழ வேண்டும், காலர் கழுத்தோடு ஒட்ட வேண்டும் என்பதில் மட்டும் யாரும் சலுகை கொடுத்த மாதிரித் தெரியவில்லை.

இப்போதைய நிலவரம்: தைத்து வைத்த கோட்டுக் கையின் தலைப்பகுதி, கோட்டின் கைக்குழியைவிட 2 அங்குலம் பெரிது. அந்த மிச்சத்தைச் சுருக்கி, சட்டைக் கை மாதிரித் தோளுக்கு அடியில் செருகுவது நேப்பிள்ஸ் வழக்கம். சுருக்கம் பளிச்சென்று தெரியும்படி வைப்பதை சிலர் ரசிக்கிறார்கள். எனக்கு அது அலட்டலாகப் படுகிறது, அடக்கித்தான் வைத்திருக்கிறேன். கோட்டின் இடது கை ஓட்டுத் தையலில், அதாவது பிறகு பிரிக்கும் தற்காலிகத் தையலில், நிற்கிறது. என் கை இயல்பாகத் தொங்கும் கோணத்துக்கு அதை இன்னும் சற்று முன்னால் திருப்ப வேண்டும். அது சரியானால் வலது கை, அப்புறம் பட்டு நூலில் காஜா.