போர்டு இல்லாமலேயே சி கோடுக்கு டெஸ்ட்

மண்டபம், பாம்பன் பக்கம் மீன்பிடிப் படகுகள் இலங்கைக் கடல் எல்லையைத் தாண்டாமல் எச்சரிக்கும் கருவி செய்ய நினைக்கும் பிள்ளைகள் பலரும் சி மொழியில் எழுதிய கோடை நேராக மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் ஏற்றிவிட்டு, ஜிபிஎஸ் சிக்னல் கிடைக்கட்டும் என்று மொட்டைமாடியில் வெயிலில் நிற்கிறார்கள். தேவையே இல்லை. ஜிபிஎஸ் மாட்யூல் அனுப்புவது வெறும் எழுத்து வரிசை, அதைப் பிரித்தெடுக்கும் ஃபங்ஷனுக்கு போர்டு எதற்கு? யுஏஆர்டி (ஜிபிஎஸ்ஸிலிருந்து எழுத்துகளை வாங்கும் சீரியல் போர்ட்), டைமர், பஸர் இவற்றைத் தொடும் வரிகளைத் தனி ஃபைலுக்கு நகர்த்திவிடுங்கள். மிச்சத்தை லேப்டாப்பில் சாதாரண சி கம்பைலரான ஜிசிசியிலேயே கம்பைல் செய்யலாம்.

யூனிட்டி என்கிற டெஸ்ட் ஃபிரேம்வொர்க் ஒரு சி ஃபைல், இரண்டு ஹெடர், அவ்வளவுதான். எந்த டெஸ்ட் எந்த வரியில் விழுந்தது என்று சொல்லிவிடும்.

முதலில் அட்சரேகைக்கு எழுதுங்கள். 0916.80 என்று வந்தால் 9 டிகிரி 16.80 நிமிடம், அதாவது 9.28 டிகிரி. அதையே 9.168 என்று படித்தால் படகு 12 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே தள்ளி இருப்பதாகக் காட்டும், எல்லை எது என்று தெரியாமல் தாண்டிவிட்டால் கடலில் இருக்கிற அண்ணனுக்கு அது சிறையில் போய் முடியலாம்.

அப்புறம் பாதியில் அறுந்த வரி, காலி வரி, செக்சம் தப்பான வரி எல்லாம் கொடுத்து, பழைய இடத்தையே புதிது போலக் காட்டாமல் பிழை என்று சொல்கிறதா பாருங்கள். செக்சம் என்பது வரி பிழையில்லாமல் வந்ததா என்று பார்க்க அதன் கடைசியில் வரும் எண்; டாலர் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கும் நடுவிலுள்ள எழுத்துகளை பிட் பிட்டாக எக்ஸ்ஆர் (சி மொழியில் ^) செய்தால் கிடைப்பது.

இன்னொன்று, சி மொழியின் முழு எண் டைப்பான இன்ட் லேப்டாப்பில் 32 பிட், ஆர்டுயினோ ஊனோ போன்ற போர்டுகளில் இருக்கும் ஏவிஆர் சிப்பில் 16 பிட். அதனால் int16_t, int32_t போல அளவு குறிப்பிட்ட டைப்புகளையே போடுங்கள், அதே டெஸ்ட்டுகளை போர்டிலும் ஒரு தரம் ஓட்டிவிடுங்கள்.