பிரஸ் ஷாப்பில் காதுகளைக் காப்பாற்றியது எப்படி

எங்கள் பிரஸ் ஷாப்பில், அதாவது உலோகத் தகட்டை இயந்திரத்தால் அழுத்திப் பாகங்கள் செய்யும் இடத்தில், இயர் பிளக் டப்பா எப்போதும் நிறைந்தே இருக்கும். எடுப்பவர் குறைவு. எடுத்தவர்களும் அரைகுறையாகத்தான் செருகுவார்கள். பாதுகாப்புக் குழுவில் இருந்த நாங்கள், முதலில் சத்தத்தை அளந்து பார்த்துவிடுவோம் என்று ஆரம்பித்தோம்.

ஆப்பரேட்டர்களின் தோளில் டோசிமீட்டர் என்ற சத்தம் அளக்கும் கருவியை மாட்டி ஷிஃப்ட் முழுவதும் அளந்தோம். 8 மணி நேரத்துக்குச் சராசரி 85 டெசிபெல் என்ற வரம்பை வைத்துக்கொண்டோம். அதற்குமேல் 3 டெசிபெல் கூடக்கூட, இருக்கக்கூடிய நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். பிரஸ் அடிக்கும் சத்தத்தைவிட, பாகங்களை ஊதித் தள்ளும் காற்று நாசில்தான் மோசமாக இருந்தது. சத்தம் குறைந்த நாசிலாக மாற்றினோம். பாகங்கள் விழும் தகரச் சரிவில் ரப்பர் ஒட்டினோம். அதிர்ந்துகொண்டிருந்த மூடிகளை முடுக்கினோம். பிளக்கைப் பற்றிப் பேசும் முன் இதைச் செய்ததால்தான் ஆட்கள் எங்களை நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

கஷ்டமானது கேட்கும் திறன் சோதனை. முதல் சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது பெரிய சத்தத்தில் இருக்கக் கூடாது. அதனால் விடுமுறை முடிந்த காலையில், ஷிஃப்ட் தொடங்கும் முன் வைத்தோம். ஆனால் பலர் வரவே தயங்கினார்கள். "காது போச்சுன்னு தெரிஞ்சா வேலையை விட்டு அனுப்பிடுவாங்களே அண்ணே" என்று ஒரு தம்பி நேராகவே கேட்டார். நியாயமான பயம். முடிவைக் காட்டி யாரையும் நீக்க மாட்டோம், அது சோதனை செய்துகொண்டவருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரியும் என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்கி ஒட்டிய பிறகுதான் வந்தார்கள். நீண்ட நாள் வேலை செய்த ஒருவர் தன் சோதனை வரைபடத்தை எங்களிடம் காட்டினார்: 4000 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது கீச்சென்ற சத்தங்களில், கேட்கும் திறன் குறைந்து ஒரு பள்ளம். அமைதியான அறையில் அவருக்கு நன்றாகவே கேட்கும். நாலு பேர் சேர்ந்து பேசினால்தான் வார்த்தை பிடிபடாது. உள்காதில் ஒலியை உணரும் மயிர் செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை.

அப்புறம் பிளக். நுரை பிளக்கை மெல்லிசாக உருட்டி, எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலே பின்பக்கமாக இழுத்து, செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் பிடிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தோம். இடையில் கழற்றுவதையும் விளக்கினோம்: 30 டெசிபெல் குறைக்கும் பிளக்கை 8 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் கழற்றி வைத்தால், கிடைக்கும் பலன் சுமார் 9 டெசிபெல்தான்.

இப்போது ஆண்டுதோறும் சோதனை நடக்கிறது. 2000, 3000, 4000 ஹெர்ட்ஸில் கேட்கும் திறன் முதல் சோதனையைவிடச் சராசரியாக 10 டெசிபெல் இறங்கியிருந்தால் மருத்துவர் அவரிடம் சொல்கிறார். அவர் சம்மதித்தால் அவருடைய பிளக்கையும் அவர் நிற்கும் இடத்துச் சத்தத்தையும் மறுபடி பார்க்கிறோம்.