பர்மிங்ஹாம் கால்வாயில் தூங்க ஓர் இடம்

அம்மாவுக்கு ஒருமுறை தூக்கம் கலைந்தால் விடியும்வரை திரும்ப வராது. அதனால் படகில் ஒரு வாரம் என்று முடிவானதும் என் முதல் கவலை பர்மிங்ஹாம்தான். மற்ற இரவுகள் எல்லாம் வயல்வெளியில். அந்த ஒரு இரவு மட்டும் நகரத்தின் நடுவில், அதுவும் வெள்ளிக்கிழமை. மறுநாள் ஃபார்மர்ஸ் பிரிட்ஜில் 13 லாக்குகள் (கதவுகளுக்கு நடுவே நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் தொட்டிகள்) இறங்க வேண்டும், அதைத் தாண்டினால் ஆஸ்டனில் இன்னும் 11. தூக்கம் கெட்ட கண்ணோடு லாக் கதவுகளுக்கு நடுவே 57 அடிப் படகை ஓட்டுவது ஆபத்தான வேலை.

நாங்கள் தெற்கிலிருந்து வூஸ்டர் அண்ட் பர்மிங்ஹாம் கால்வாய் வழியாக வந்தோம். கிங்ஸ் நார்ட்டனிலிருந்து நகர மையம் சுமார் ஐந்தரை மைல், லாக்கே கிடையாது. வேக வரம்பு மணிக்கு நான்கு மைல்தான். நின்றிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதியாகக் குறைக்க வேண்டும். எப்படியும் இரண்டு மணி நேரம். போர்ன்வில்லைத் தாண்டியதும் இரு கரையிலும் மரங்கள் அடர்ந்து வந்தன. நகரத்துக்குள்தான் போகிறோம் என்றே தெரியவில்லை.

"மாப்பிள்ளை, இங்கேயே நிறுத்திடலாமே, எவ்வளவு அமைதியா இருக்கு" என்றார் அம்மா.

இவரும் எஞ்சினைத் தணித்துவிட்டார். நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தச் சமயம் பார்த்து மரங்களுக்குப் பின்னால் ஒரு ரயில் பாய்ந்தது. சில நிமிடங்களில் எதிர்த்திசையில் இன்னொன்று. போர்ன்வில்லிலிருந்து யுனிவர்சிட்டி, ஃபைவ் வேஸ் வரை புறநகர் ரயில்பாதை இந்தக் கால்வாயை ஒட்டியே ஓடுகிறது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். பச்சையைப் பார்த்து அமைதி என்று நம்பிவிடுவது படகுக்குப் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை என்று நினைக்கிறேன்.

நாலரை மணிக்கு கேஸ் ஸ்ட்ரீட் பேசினுக்குள், அதாவது படகுகள் நிற்கும் அகலமான நீர்ப்பரப்புக்குள் நுழைந்தோம். பழைய செங்கல் கட்டடங்கள், வண்ணம் தீட்டிய படகுகள், நடுவில் வூஸ்டர் பார். அந்த பார் ஏழடி அகலத் தடுப்பு. 1790களில் இந்தக் கால்வாயை வெட்டியபோது, பழைய பர்மிங்ஹாம் கால்வாய்க் கம்பெனி தன் தண்ணீர் போய்விடும் என்று பயந்து இரண்டையும் இணைக்க விடவில்லை. படகுக்குப் படகு சரக்கைக் கையால் தூக்கி மாற்றினார்கள். 1815இல்தான் ஒரு லாக் வைத்து வழி திறந்தார்கள். இப்போது அதுவும் திறந்தே கிடக்கிறது. படகு நேராகப் போய்விடலாம். காலியாக ஓர் இடம் கிடைத்தது. இவ்வளவு அழகான இடத்தில் இவ்வளவு சுலபமாகவா என்று கயிறு கட்டிக்கொண்டே வியந்தேன்.

ஆறு மணிக்குள் காரணம் புரிந்துவிட்டது. பேசினின் தலைமாட்டில் பிராட் ஸ்ட்ரீட், நகரத்தின் இரவுக் கேளிக்கைகள் எல்லாம் கூடும் தெரு. 2022இலிருந்து டிராமும் அதில்தான் ஓடுகிறது. அப்போதே கரையில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. ஆனால் இதையெல்லாம்விட ஒரு சின்ன விஷயம்தான் என்னை உலுக்கியது. எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேராகக் கரைப்பாதையில் ஒரு செங்கல் பலகை ஆடிக்கொண்டிருந்தது. சைக்கிள் ஏறினால் 'டொக்'. ஆள் மிதித்தால் 'டொக்'. நேரோபோட் எனும் இந்தக் குறுகிய நீளப் படகில் படுத்தால் காது ஏறத்தாழ கரைப்பாதை மட்டத்தில் இருக்கும். நடப்பவர்களின் செருப்புச் சத்தம் தலையணைக்குப் பக்கத்தில் கேட்கும். சுவரோ இரும்புத் தகடு.

அம்மா கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டு, கூரையில் இருந்த காற்றுத் துளையைக் காட்டினார். "இதுல ஒரு துணியை அடைச்சா சத்தம் குறையுமே."

இதை எழுதியே ஆக வேண்டும்: அதை ஒருபோதும் செய்யாதீர்கள். உள்ளே காஸ் அடுப்பு இருக்கிறது, சில படகுகளில் விறகடுப்பும் உண்டு. அந்தத் துளைகளை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து தூக்கத்திலேயே உயிர் போகலாம். அலாரம் இருக்கிறதே என்று துளையை மூடக் கூடாது. சத்தம் தாங்கவில்லை என்றால் காதை அடைத்துக்கொள்ளுங்கள், அல்லது படகை நகர்த்துங்கள்.

நாங்கள் நகர்த்துவது என்று முடிவு செய்தோம். வாடகைப் படகை இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. ஜூன் மாதம் என்பதால் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். ஆனாலும் அந்தக் கடைசி நிமிடம்வரை தேட எனக்கு மனமில்லை. படகை எடுப்பதற்கு முன் காலால் தேடுவோம் என்று இவரைப் படகில் விட்டுவிட்டு அம்மாவும் நானும் கிளம்பினோம். அன்றைக்கு நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். படகில் போய் இடமில்லை என்று திரும்புவதற்கு அரை மணி ஆகும். நடந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிராட் ஸ்ட்ரீட்டுக்கு அடியில் குனிந்து போகும் சுரங்கம், அதைத் தாண்டி பிரிண்ட்லி பிளேஸ். இரு கரையிலும் உணவகங்கள், வெளியில் போட்ட மேசைகள். இங்கே கட்டினால் நம் ஜன்னலே அவர்களுக்கு வேடிக்கை. கொஞ்ச தூரத்தில் ஓல்ட் டர்ன் சந்திப்பு. தண்ணீரின் நடுவே ரவுண்டானா போல ஒரு வட்டத் தீவு. இரண்டாம் உலகப் போரின்போது போட்டார்களாம். குண்டு விழுந்து கால்வாய் உடைந்தால் கீழே போகும் ரயில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பாயாமல் தடுப்புக் கதவுகள் போடுவதற்காக. வலப்பக்கம் திரும்பினால் கேம்ப்ரியன் வார்ஃப், அதன் முனையில்தான் மறுநாள் நாங்கள் இறங்க வேண்டிய முதல் லாக். போய்ப் பார்த்தோம், ஒரு படகுக்குக்கூட இடமில்லை. லாக்கின் வாசலில் மட்டும் நீளமாகக் கரை காலியாகக் கிடந்தது. அம்மா அதைக் கைகாட்டினார். அது லாக் திறக்கக் காத்திருப்பவர்கள் படகை ஒதுக்கும் இடம், இரவு தங்கக் கூடாது. தண்ணீர்க் குழாய்க்கு எதிரே, பாலத்துக்கு அடியில், வளைவில், இங்கெல்லாமும் அப்படித்தான். நகரத்தில் காலியாக இருக்கும் கரையைக் கண்டால் முதலில் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அங்கே ஒரு படகின் பின்புறத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் ஒரு வயதான பெண்மணி. படகிலேயே வசிப்பவர். அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் கதையைச் சொன்னேன். குவளையைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

ராத்திரி ஆட்கள் எங்கிருந்து எங்கே நடப்பார்கள் என்று மட்டும் பாருங்கள் என்றார். மதுக்கடையிலிருந்து டாக்ஸி நிற்கும் இடத்துக்குப் போகும் வழியில் கட்டாதீர்கள். பெஞ்ச் இருக்கும் இடத்தில் கட்டாதீர்கள். கீழே சிகரெட் துண்டுகளும் பாட்டில் மூடிகளும் கிடந்தால் நள்ளிரவில் அங்கே கூட்டம் உண்டு. பாலத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், அடியில் பேசும் பேச்சு இரண்டு மடங்காக எதிரொலிக்கும். உணவகத்தின் பின்பக்கம் வேண்டாம், புகைபோக்கி விசிறி நள்ளிரவுவரை ஓடும். எதிரே குடியிருப்புகள் இருந்தால் நல்லது, அவர்களும் தூங்க வேண்டுமே.

பிறகு இடத்தையும் சொன்னார். ஓல்ட் டர்னில் இடப்பக்கம் வால்வர்ஹாம்ப்டன் போகும் மெயின் லைன் கால்வாயில், உள்ளரங்க மைதானத்தைத் தாண்டி, ஷீப்கோட் ஸ்ட்ரீட் பாலத்துக்கு முன்னால். இன்றைக்கு அரங்கில் நிகழ்ச்சி இருக்கிறது, பதினொரு மணிவாக்கில் ஜனங்கள் வெளியே வருவார்கள், அரை மணியில் கலைந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இருக்காது என்றார். அதையும் தாண்டிப் போய்விடலாமா என்றேன். வேண்டாம், அங்கே ரயில்பாதை கால்வாயின் தோளோடு தோளாக வந்துவிடும் என்றார்.

ஆளில்லாத இடம் அமைதியாக இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் நான் தேடிக்கொண்டிருந்தேன். எந்தச் சத்தம் எப்போது முடியும் என்று தெரிந்த இடத்தைத் தேட வேண்டும் என்பது அவரிடம் பேசிய பிறகுதான் உறைத்தது.

போய்ப் பார்த்தோம். இரும்பு வளையங்கள் பதித்த கரை, இரண்டு படகுகளுக்கு நடுவே எங்கள் நீளத்துக்கு மேல் இடம். அறிவிப்புப் பலகையை இரண்டு முறை படித்தேன். சில கரைகளில் 48 மணி நேரம், சிலவற்றில் 14 நாள், சில அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும். பக்கத்துப் பக்கத்திலேயே விதி மாறும். எங்களுக்கு ஒரு இரவுதான், பிரச்சினை இல்லை. அம்மாவை அங்கேயே நிற்க வைத்து, நான் பதினைந்து அடி தள்ளிப்போய்ப் பேசாமல் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு சைக்கிள். ஒரு தம்பதி. ஆடும் பலகை எதுவும் இல்லை.

திரும்பும் திசை ஒன்றுதான் பாக்கி. நேராகப் போய்க் கட்டினால் படகின் மூக்கு மேற்கே பார்த்து நிற்கும், காலையில் லாக்குக்குக் கிழக்கே போக வேண்டும். நேரோபோட் பின்னோக்கிப் போகும்போது சுக்கான் பேச்சைக் கேட்காது. அதற்கும் அந்தப் பெண்மணியே வழி சொல்லியிருந்தார்: ஊசெல்ஸ் ஸ்ட்ரீட் லூப். முதலில் இந்தக் கால்வாயை அமைத்த பொறியாளர் பிரிண்ட்லியின் காலத்தில் அது நிலத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து போனது. 1820களில் டெல்ஃபோர்ட் என்ற பொறியாளர் அதை வெட்டி நேராக்கியபோது பழைய வளைவுகள் ஓரத்தில் தங்கிவிட்டன. அதில் ஒன்று இது. ஓல்ட் டர்னில் உள்ளே நுழைந்து, ஓசையில்லாமல் நிற்கும் வசிப்புப் படகுகளைக் கடந்து, மறுமுனையில் மெயின் லைனுக்கு வெளியே வந்து கிழக்கே திரும்பினோம். இவர் ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. ஏழரைக்குக் கயிறு கட்டியாகிவிட்டது.

எட்டு மணிக்கு எஞ்சினை நிறுத்தினோம். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை, பக்கத்தில் மற்றவர்கள் இருக்கும்போது, மின்சாரத்துக்காக எஞ்சின் ஓடக் கூடாது என்பது கால்வாயை நிர்வகிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் விதி. எங்களைத் தூங்க விடுவதும் அந்த விதிதான். கூரைமேல் இருந்த விண்ட்லஸ் (லாக்கைத் திறக்கும் கைப்பிடி), முளைகள், துடைப்பம் எல்லாவற்றையும் உள்ளே எடுத்தோம். கரைப்பக்கக் கதவைப் பூட்டித் திரையை இழுத்தோம்.

பதினொன்று பத்துக்குக் கூட்டம் வந்தது. சிரிப்பும் பாட்டுமாக நிறைய கால்கள். அம்மாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்ததால் உட்கார்ந்து திரை இடுக்கில் வேடிக்கை பார்த்தார். பதினொன்று நாற்பதுக்கு நின்றுவிட்டது. அப்படியே வெட்டிவிட்டது போல. பன்னிரண்டுக்குள் அம்மா தூங்கிப்போனார்.

மூன்று மணிக்கு என்னையும் இவரையும் எழுப்பியது எங்கள் சொந்தப் படகு. 'டம்' என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. நீர்மட்டம் ஒரு விரல் இறங்கியிருக்க வேண்டும். கயிறு தளர்ந்து, படகு முன்னும் பின்னும் ஊர்ந்து கரையில் முட்டிக்கொண்டிருந்தது. மூக்கிலும் வாலிலும் ஒவ்வொரு கயிறு மட்டும் நேராகக் கட்டினால் இப்படித்தான் ஆகும். இவர் டார்ச்சோடு இறங்கி, படகின் நடுவிலிருந்து பின்பக்கமாகச் சாய்வாக இன்னொரு கயிறு கட்டி, கரைக்கும் படகுக்கும் நடுவே ரப்பர் ஃபெண்டரை இறக்கினார். அத்தோடு அடங்கியது. நகரத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்த எனக்கு, அந்த இரவின் பெரிய சத்தம் நாங்கள் ஒழுங்காகக் கட்டாத கயிற்றிலிருந்து வந்தது வருத்தமாகத்தான் இருந்தது. மாலையிலேயே அந்த மூன்றாவது கயிற்றைக் கட்டியிருக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு அம்மா என் தோளைத் தொட்டார். "யாரோ கதவைத் தட்டுறாங்கம்மா."

டக் டக் டக் டக் என்று வேகமாக, தண்ணீர் மட்டத்திலிருந்து. ஜன்னலைத் திறந்தேன். படகின் பக்கவாட்டில் படிந்திருந்த பாசியை இரண்டு வாத்துகள் கொத்திக்கொண்டிருந்தன. அம்மா எட்டிப் பார்த்தார். ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தார். வீட்டிலேயே அவருக்கு அவ்வளவுதான் வரும்.

"சரி, நான் காப்பி போடறேன், நீ படு" என்றார்.

எட்டு அடிக்கும்வரை காத்திருந்து எஞ்சினைக் கிளப்பினோம். எட்டரைக்கு முதல் லாக்கின் வாசலில் இருந்தோம். கேம்ப்ரியன் வார்ஃபைக் கடக்கும்போது செடி வைத்திருந்த படகின் திரைகள் இன்னும் மூடியிருந்தன. இவர் வேகத்தை இன்னும் குறைத்தார்.