மணலுக்குள் போன தந்தி ஆபீஸ்

பெர்த்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவள், கடற்கரை, கங்காரு என்று பார்த்துவிட்டு ஒழுங்காகத் திரும்பி வராமல், 1,400 கிலோமீட்டர் காரில் போய் இடிந்துபோன ஒரு தந்தி ஆபீசைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் இதைக் கேட்டவர்கள் எல்லாரும் என்னை ஒரே மாதிரிதான் பார்த்தார்கள். சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன்.

இடத்தின் பெயர் யூக்லா. மேற்கு ஆஸ்திரேலியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் முட்டிக்கொள்ளும் எல்லைக்குப் பக்கத்தில், நுல்லார்பார் சமவெளியின் கடலோரம். மேட்டில் பெட்ரோல் பங்க்கும் மோட்டலும். கீழே கடலைப் பார்த்து மண் பாதையில் இறங்கிப் போனால் வெள்ளை மணல் மேடுகள், அவற்றுக்குள்ளிருந்து கல் சுவர்கள் எட்டிப் பார்க்கின்றன. கூரை இல்லை. ஒரு ஜன்னல் ஓட்டையின் மேல் விளிம்பு எனக்கு இடுப்பு உயரத்தில் இருந்தது, மீதி ஜன்னல் மணலுக்கடியில். அத்தான் செருப்பைக் கழற்றி உதறினார், ஒரு படி மணல் கொட்டியது.

இந்த மணலைக் கொண்டுவந்தது காற்று, ஆனால் குற்றவாளி முயல். 1890களில் முயல் கூட்டம் இந்தப் பக்கம் வந்து, மணலைப் பிடித்து வைத்திருந்த செடி கொடியை எல்லாம் தின்று தீர்த்துவிட்டது. அப்புறம் மேடுகள் நகர ஆரம்பித்தன. கம்பி அறுந்தால் ஒட்டலாம், முயலை என்ன செய்வது?

ஆனால் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது முயல் இல்லை, ஒரு மேசை. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியா ஒரே நாடு கிடையாது, ஆறு தனித்தனி பிரிட்டிஷ் காலனிகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தபால் இலாகா, தனி ஸ்டாம்பு, தனித் தந்தி. மேற்கிலிருந்து ஒரு லைனும் கிழக்கிலிருந்து ஒரு லைனும் 1877 டிசம்பரில் யூக்லாவில் சந்தித்தன. சந்தித்தன என்றால் கம்பியோடு கம்பி சேர்ந்து ஓடவில்லை. எழுத்தைப் புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் முறையிலேயே தெற்கு ஆஸ்திரேலியக்காரர்கள் தட்டியது அமெரிக்க மோர்ஸ், மேற்கு ஆஸ்திரேலியக்காரர்கள் தட்டியது சர்வதேச மோர்ஸ். அதனால் ஒரே அறையில் இரண்டு காலனி ஆட்களும் மேசைத் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, வந்த செய்தியைத் தாளில் எழுதி ஓட்டை வழியாக நீட்ட, அடுத்தவர் அதைத் தன் மோர்ஸில் தட்டி அனுப்புவார். பேசுவது ஒரே ஆங்கிலம், சம்பளம் தருவது ஒரே ராணியின் சர்க்கார், நடுவில் ரேஷன் கடை மாதிரி ஒரு ஓட்டை! 1901 மார்ச் 1 அன்று எல்லாக் காலனிகளின் தபாலும் தந்தியும் புது மத்திய அரசின் கைக்குப் போன பிறகுதான் இந்தக் கூத்துக்கு அர்த்தமே இல்லாமல் போனது.

நாம் தந்தி என்றால் கம்பியைத்தான் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஆட்களின் வரிசை. அடிலெய்டு பக்கத்திலிருந்து வடக்கே டார்வினுக்குப் போட்ட பெரிய லைனை எடுத்துக்கொள்ளுங்கள். சார்லஸ் டாட் என்ற தபால் அதிகாரி பொறுப்பேற்று, போர்ட் அகஸ்டாவிலிருந்து சுமார் 3,200 கிலோமீட்டரை இரண்டு வருஷத்துக்குள் முடித்தார், 36,000 கம்பம். 1872 ஆகஸ்ட் 22 அன்று இரண்டு முனையும் சேர்ந்தன. வடக்கே மரக் கம்பங்களைக் கரையான் தின்றது, இரும்புக்கு மாறினார்கள். கம்பத்திலிருந்த பீங்கான் குமிழ்களை உடைத்துப் பழங்குடி மக்கள் ஈட்டி முனை செய்துகொண்டார்கள். எனக்கு அதில் தப்பே தெரியவில்லை, தங்கள் நிலத்தில் யாரோ நட்டு வைத்ததிலிருந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்தார்கள்.

இவ்வளவு தூரத்துக்கு மின்சாரம் தாங்காது, வழியிலேயே தேய்ந்துவிடும். அதனால் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன், தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்து. அங்கே நாலைந்து பேர், சில ஆடு மாடு. வந்ததைக் காதால் கேட்டு, கையால் எழுதி, மறுபடி தட்ட வேண்டும். லண்டன் கம்பளி விலை ஒவ்வொன்றும் இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் கை மாறித்தான் போனது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அப்படி ஒரு ஸ்டேஷன்தான். ஆலிஸ் என்பது டாட்டின் மனைவி பெயர், ஸ்பிரிங் என்று நினைத்தது வெறும் ஆற்றுக் குட்டை. பக்கத்தில் வளர்ந்த ஊரின் பெயர் ஸ்டூவர்ட், தபால் ஆபீஸ் பெயர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று வெகுநாள் குழம்பி, 1933இல் ஊரே தபால் ஆபீஸ் பெயருக்கு மாறிக்கொண்டது.

பேரோ கிரீக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அதுவும் அதே லைனில் ஒரு ஸ்டேஷன், 1874 பிப்ரவரியில் அதைக் கைடிச் பழங்குடி மக்கள் தாக்கினார்கள், அவர்களுடைய நீர்நிலைப் பக்கம்தான் ஸ்டேஷன். ஸ்டேஷன் மாஸ்டர் ஸ்டேப்பிள்டன் ஈட்டி பாய்ந்து கிடக்கிறார். அடிலெய்டில் அவர் மனைவியைத் தந்தி ஆபீசுக்கு அழைத்து வந்து உட்கார வைத்து, இருவரும் கம்பி வழியாகவே விடைபெற்றார்கள். நம் வீடுகளில் தந்தி வந்தாலே சாவு என்று அழுகை கிளம்பிவிடும், பிரித்துப் படிக்கவே ஆள் தேடுவார்கள். இங்கே சாகிறவரே தந்தி கொடுக்கிறார். அப்புறம் பழி தீர்க்கப் போன போலீஸ் கூட்டம் கைடிச் மக்களைச் சுட்டுக் கொன்றது. அந்தப் பெயர்களை யாரும் தட்டவில்லை.

காசு விஷயம் ஒன்று. லைன் திறந்த புதிதில் ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்கு 20 சொல் அனுப்ப ஒன்பது பவுண்டுக்கு மேல். அதே காலத்தில் இங்கே நேட்டாலில் கரும்பு வெட்ட வந்த நம் ஆட்களுக்கு முதல் வருஷச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். கணக்குப் போட்டேன், 20 சொல்லுக்குப் பதினெட்டு மாதக் கூலி. கொள்ளுத்தாத்தா ஊருக்குத் தந்தி அடித்திருக்கவே மாட்டார் என்பது மட்டும் உறுதி.

டர்பனுக்கும் இந்த வலையில் பங்கு உண்டு. 1901இல் டர்பனிலிருந்து மொரிஷியஸ், ரோட்ரிக்ஸ், கோகோஸ் தீவு வழியாகப் பெர்த்துக்குக் கடல் கேபிள் போட்டார்கள். அப்படியானால் டர்பன் செய்தி யூக்லா மேசையைக் கடந்திருக்கும் என்று ஆசையாக இருந்தேன். கடந்திருந்தாலும் கொஞ்ச நாள்தான், அடுத்த வருஷமே பெர்த்திலிருந்து அடிலெய்டுக்கும் கடலடியிலேயே கேபிள் நீண்டது. போகட்டும், கோகோஸ் இருக்கிறதே. 1914இல் மெட்ராஸ் மேல் குண்டு போட்டுவிட்டு, நம் பேச்சில் ‘அவன் பெரிய எம்டன்’ என்று நிலைத்துவிட்ட அதே ஜெர்மன் கப்பல், நவம்பர் 9 அன்று அங்கே ஆள் இறக்கிக் கேபிளை வெட்டியது. கம்பியில்லாத் தந்திக் கம்பத்தைச் சாய்க்கும்போது டென்னிஸ் மைதானத்தின் மேல் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆபரேட்டர்கள் கேட்டார்களாம், ஜெர்மன்காரர்களும் சரி என்றார்களாம். ஆனால் அதற்கு முன்பே அந்த ஆபரேட்டர்கள் அபாயச் செய்தியைத் தட்டிவிட்டிருந்தார்கள். சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வந்தது, அன்றோடு எம்டன் கதை முடிந்தது.

யூக்லாவை 1927இல் மூடினார்கள், வேலை ரயில் பாதையோரம் போட்ட புது லைனுக்குப் போய்விட்டது. நாங்கள் நின்ற இடத்தில் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. மேட்டுக்கு ஏறி வந்து, மோட்டலில் டீ சொல்லிவிட்டு அம்மாவுக்குப் படத்தை அனுப்பினேன். டர்பனில் அப்போதுதான் விடிந்திருக்கும். டீ வருவதற்குள் பதில் வந்துவிட்டது: “யார் வீடும்மா இது, கூட்டக்கூட ஆளில்லாம விட்டுட்டுப் போயிட்டாங்க?”