கேட்காத கேள்விக்கு எழுதிய 'இல்லை'

சென்ற வாரம் என் மருத்துவ மாணவி ஒருத்தி கொடுத்த கேஸ் ஷீட்டை, அதாவது நோயாளியிடம் விசாரித்து எழுதும் குறிப்பை, படித்ததும் முதலில் எனக்கு மகிழ்ச்சிதான். கிறுக்கல்களையே படித்துப் பழகிய கண்ணுக்கு அது விருந்து. இருமல் எப்போது தொடங்கியது, சளி என்ன நிறம், எல்லாம் வரிசை பிசகாமல் இருந்தன. கீழே 'இல்லை'கள்: காய்ச்சல் இல்லை, சளியில் இரத்தம் இல்லை, இரவில் வியர்வை இல்லை, எடை குறையவில்லை.

நோயாளி எழுந்து உட்கார்ந்தபோது அவருடைய பெல்ட்டைப் பார்த்தேன். கடைசித் துளையையும் தாண்டி, ஆணியால் குத்திய ஒரு புதுத் துளை. ஓரமெல்லாம் பிசிறு.

"இதை எப்போது போட்டீர்கள், ஐயா?"

"இரண்டு மாதம் இருக்கும் டாக்டர். பேன்ட் இடுப்பில் நிற்கவே இல்லை."

வெளியே வந்து மாணவியிடம் கேட்டேன். எடையைப் பற்றி அவள் விசாரிக்கவே இல்லை. "குறிப்புகளை மட்டும் ஏஐயிடம் கொடுத்தேன் மேடம். மீதியை அதுவே எழுதிவிட்டது." நோயாளியின் பெயர், வயது, தொழில் எல்லாமும் அந்தக் குறிப்புகளோடு போயிருந்தன. அவரிடம் அனுமதி கேட்டாயா என்றேன். விழித்தாள்.

கேஸ் ஷீட்டில் 'இல்லை' என்றால் 'நான் கேட்டேன், அவர் மறுத்தார்' என்று பொருள். அது சாட்சியம். இரவுப் பணிக்கு வரும் மருத்துவர் அதை நம்பித்தான் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடுவார். இருமலுக்கான கேஸ் ஷீட் வழக்கமாக எப்படி இருக்கும் என்பது ஏஐக்குத் தெரியும். இந்த மனிதரைத் தெரியாது.

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் வினாக்களில் சாட்ஜிபிடி தேர்ச்சி அளவை ஒட்டி மதிப்பெண் பெற்றதாக 2023இல் ஓர் ஆய்வு வந்தபோது எங்கள் ஓய்வறையில் ஒரே பரபரப்பு. ஆனால் தேர்வு வினாவில் நோயாளியின் கதையை யாரோ ஏற்கெனவே கேட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கடினமான பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

என்னை உறுத்துவது 2025இல் போலந்திலிருந்து வந்த ஆய்வு. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் ஏஐ துணையோடு பழகிய தேர்ந்த மருத்துவர்கள், அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா கட்டியைக் கண்டறிந்த விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4ஆக இறங்கியிருந்தது. ஒரே ஆய்வுதான், காரணம் இதுவேதான் என்று அறுதியிட முடியாது. ஆனாலும் அவர்களிடம் இழப்பதற்கு ஒரு திறமையாவது இருந்தது. இந்தப் பிள்ளைக்கு அது இனிமேல்தான் வர வேண்டும்.

நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. போன பருவத்தேர்வுக்கு வினாக்களை ஏஐயிடம் எழுதச் சொல்லி, மேலோட்டமாகப் பார்த்து அச்சுக்குக் கொடுத்தேன். ஒரு வினாவில் இரண்டு விடைகள் சரி. கண்டுபிடித்தவர்கள் மாணவர்கள்.

ஏஐயைத் தடை செய்யவில்லை. படித்ததைச் சரிபார்க்க, வேறு என்ன நோயாக இருக்கலாம் என்று யோசிக்க, தாராளமாகப் பயன்படுத்தட்டும். கேஸ் ஷீட் மட்டும் சொந்தக் கையெழுத்தில் வர வேண்டும். கேட்க மறந்ததற்கு 'கேட்கவில்லை' என்றே எழுத வேண்டும்.

அந்தப் பெரியவரைச் சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் அனுப்பியிருக்கிறோம். நேற்று அதே மாணவி இன்னொரு கேஸ் ஷீட் கொண்டுவந்தாள். அடித்தல் திருத்தலோடு, நான்கு இடங்களில் 'கேட்கவில்லை'. கையெழுத்திட்டு, அந்த நான்கையும் கேட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.