மீன் பெட்டிக்குள் லந்தனம் பளிங்கு: இறுதியாண்டு ஆய்வில் நான் பட்ட பாடு

உப்புவெளியில் ஒரு மீன் வாடியில் கேட்டு வாங்கிய பழைய ரெஜிபோம் பெட்டிதான் என் ஆய்வின் முதல் உபகரணம். மூன்று தரம் கழுவியும் சூடை மீன் வாசம் போகவில்லை. ஆனாலும் அது இல்லாமல் சரிவந்திருக்காது. திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகல் வெக்கை ஒரு பக்கம், இரவில் இறங்குகிற சூடு இன்னொரு பக்கம். வெப்பநிலை இப்படி ஏறி இறங்கினால் பளிங்கு, அதாவது படிகம், ஒழுங்காக வளராது. பளிங்கு வளர்க்கிற சோதனைக்குழாய்களைப் பெட்டிக்குள் நிறுத்தி, மூடி, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வைத்தோம்.

அருமண் மூலகம் ஒன்றின் பளிங்கை வளர்த்து, அதன் கட்டமைப்பையும் வன்மையையும் அளப்பதுதான் தலைப்பு. நான் எடுத்தது லந்தனம் ஒட்சலேற்று. தலைப்பைக் கேட்டதும் மாமா, "புல்மோட்டை மணலிலயே அது கிடக்குதாம், ஒரு உரப்பை அள்ளிக்கொண்டு வாவன்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்த மணலில் உள்ள மோனசைற்று என்ற கனிமத்தில் லந்தனம், சீரியம், நியோடிமியம் எல்லாம் உண்டு. ஆனால் கூடவே கதிர்வீசும் தோரியமும் இருக்கிறது. மாணவர் ஆய்வுகூடத்தில் பிரித்தெடுக்கிற வேலை இல்லை அது. தூய லந்தனம் நைத்திரேற்றைத்தான் வாங்க வேண்டும், அதுவும் நேரத்தோடு. வந்துசேர நாள் எடுக்கும்.

நிலாவெளி உப்பளத்தில் நடப்பது போல நீரை ஆவியாக்கி இதை வளர்க்க முடியாது. அருமண் ஒட்சலேற்றுகள் நீரில் கரையவே மாட்டாதவை. நைத்திரேற்றுக் கரைசலையும் ஒட்சாலிக் அமிலத்தையும் நேரே கலந்தால் அந்த நொடியே வெள்ளைப் பொடியாகக் கீழே விழும். அதனால்தான் இடையில் சிலிக்கா ஜெல். சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலின் ஒப்படர்த்தியை 1.03 முதல் 1.05 வரை வைத்து, அதோடு ஒட்சாலிக் அமிலத்தைச் சேர்த்துக் குழாயில் உறைய விட வேண்டும். உறைந்ததும் மேலே லந்தனம் நைத்திரேற்றைக் குழாயின் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அது ஜெல்லுக்குள் மெல்ல மெல்ல இறங்கும். அந்த மெதுவில்தான் பளிங்கு பிறக்கிறது.

கலக்கும்போது பி.எச். மானியில் இருந்து கண்ணை எடுக்க வேண்டாம். கொஞ்சம் ஏறினாலும் கையில் இருக்கும்போதே கட்டியாகிவிடும், இறங்கினால் நாட்கணக்கில் தண்ணியாகவே கிடக்கும். காற்றுக் குமிழி இருந்தால் அந்தக் குழாயை விட்டுவிடுங்கள். என் முதல் பன்னிரண்டு குழாய்களில் ஏழில் ஜெல்லின் மேற்பரப்பிலேயே வெள்ளைப் படலம் கட்டிவிட்டது. மேல் கரைசலில் சிறிது நைத்திரிக் அமிலம் சேர்த்த பிறகுதான் பளிங்கு தொடங்குகிற கருக்களின் எண்ணிக்கை குறைந்து, தனித்தனிப் பளிங்குகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஜெல்லுக்குள் இரண்டு கரைசல் சந்தித்தால் பளிங்குதான் வரும் என்றும் இல்லை, வீழ்படிவு வளையம் வளையமாகக் கட்டுவதும் உண்டு. 1896இலேயே லீசெகாங் என்ற ஜேர்மனியர் ஜெலற்றினில் அப்படி வளையங்களைப் பார்த்துப் பதிந்துவைத்திருக்கிறார். வந்தால் எறியாமல் படம் எடுத்து வையுங்கள்.

சரி, வளர்ப்பது பொறுமை வேலை. நான் கெடுத்தது அதற்குப் பிறகு.

ஐந்து கிழமை காத்திருந்து, நாலு மில்லிமீற்றர் நீளத்தில் கண்ணாடி போல ஒரு பளிங்கு கிடைத்தது. கழுவினேன். ஈரம் போகட்டும் என்று 110 பாகை செல்சியஸில் அடுப்பில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பால் கட்டினது போல வெளுத்துக் கிடந்தது, தொட்டதும் விளிம்பு உதிர்ந்தது. இந்தச் சேர்வையில் ஒரு அலகுக்குப் பத்து நீர் மூலக்கூறுகள் கட்டமைப்பிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை வெளியேற்றினால் பளிங்கும் போய்விடும். மேற்பார்வை செய்த மிஸ் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "தம்பி, போனதும் நீர், போக்கினதும் நீர்தான்." வடிதாளில் ஒற்றி, அறை வெப்பநிலையில் விட்டாலே போதும்.

அடுத்தது கழுவல். ஒழுங்காகக் கழுவாத பளிங்கைப் பொடியாக்கி எக்ஸ் கதிருக்குக் கொடுத்தேன். கதிர் சிதறுகிற கோணத்துக்கு எதிரே வரைந்த படத்தில், கூரான உச்சிகளுக்கு அடியில், 22 பாகைக்குக் கிட்ட, ஒரு அகலமான மேடு தெரிந்தது. அது பளிங்கின் கட்டமைப்பு இல்லை, ஒட்டியிருந்த சிலிக்கா. செப்பின் 1.5406 அங்ஸ்ட்ரோம் அலைநீளக் கதிரில் எடுத்த படம் எதிலும் அந்த இடத்தை முதலில் பாருங்கள்.

விக்கர்ஸ் வன்மைச் சோதனைக்குக் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனேன். பளிங்குகளைப் பஞ்சில் பொதிந்து மடியிலேயே வைத்திருந்தேன். 136 பாகைக் கோணமுள்ள வைரக் கூம்பகம் மேற்பரப்பை அழுத்தும், விழுகிற சதுரத் தடத்தின் மூலைவிட்டத்தை நுணுக்குக்காட்டியில் அளக்க வேண்டும். கிலோகிராமில் சுமையை, மில்லிமீற்றரில் மூலைவிட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து 1.8544ஆல் பெருக்கினால் வன்மை. கண் பிழைக்கிற இடமும் இதுதான். 25 கிராம் சுமைக்குத் தடம் 20 மைக்ரோமீற்றர் என்றால் விடை கிட்டத்தட்ட 116. அதையே 21 என்று வாசித்தால் 105. ஒரே ஒரு மைக்ரோமீற்றர்! அதனால் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சராசரி எடுங்கள், ஒவ்வொரு சுமைக்கும் பல தடங்கள் போடுங்கள், தடங்களை நெருக்கி வைக்க வேண்டாம். மூலைகளில் வெடிப்புத் தெரிகிற சுமையோடு நிறுத்திவிடுங்கள். முதலில் கல்லுப்பில் கை பழகியது எனக்குப் பெரிய உதவி.

வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், முதல் கேள்வி, சுமையோடு வன்மை ஏன் மாறுகிறது என்பது. அதற்குத் தயாராகவே போயிருந்தேன். சுமைக்கும் மூலைவிட்டத்துக்கும் மடக்கை வரைபு போட்டால் சரிவுதான் மேயர் எண். அது 2ஐ விடக் குறைந்தால் சுமை கூடக்கூட வன்மை குறையும், கூடினால் மறுவளம். 1.6க்கு மேலே வந்தால் மென்மையான பொருள் என்பது ஒனிட்ச் என்ற ஆய்வாளர் வைத்த கணக்கு. சொன்னேன், தலையாட்டினார்கள்.

இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். "எந்த முகத்தில் அழுத்தினீர்?" பளிங்கு எல்லாத் திசையிலும் ஒரே வன்மை காட்டாது என்று அறிக்கையில் நானே எழுதியிருக்கிறேன். முகத்தை மட்டும் குறிக்கவில்லை. குறிக்கவில்லை என்றே சொன்னேன். வேறு என்ன சொல்வது?

பிறகு, தோற்றுப்போன குழாய்களைப் பற்றிக் கேட்டார்கள். அந்தக் கொப்பி கையில் இருந்தது. திகதி, பி.எச்., செறிவு, என்ன பிழைத்தது என்று எல்லாம் அதில். பையில் சின்னப் போத்தலில் வெளுத்துப்போன அந்தப் பளிங்கும் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன். பரீட்சகர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை ஏன் அறிக்கையில் போடேல்ல?" என்று கேட்டார். திருத்தத்தில் இரண்டு பக்கம் சேர்த்தேன்.