தளம் போடுவதற்கு முந்தின ராத்திரி

சென்ட்ரிங் தகரத்தின் மேல் வெறுங்காலோடு ஏறாதீங்க என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். மறந்துவிட்டு ஏறி, கட்டுக்கம்பி முனை ஒன்று பாதத்தில் குத்தி, அந்த எரிச்சலோடு செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, நெட்வொர்க் கேபிளுக்காகத் தளத்துக்குள் போட்ட பைப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டி வருகிறது. காகிதத்தில் 19 பைப். கம்பிகளுக்கு நடுவே எத்தனை தடவை எண்ணினாலும் 18.

எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குப் போன் போட்டேன். மனுஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஆனாலும் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். ஸ்டடி ரூமுக்குப் போக வேண்டிய பைப்தான் விட்டுப்போயிருந்தது. இருட்டில் குனிந்து கம்பிக்கு அடியில் அதைச் செருகும்போது கேட்டார்: "கரண்டே ஓடாத பைப்பு இத்தன எதுக்கு தம்பி? எல்லாந்தான் இப்ப வைஃபைன்றாங்களே."

அலுவலகத்திலும் இதே கேள்விதான். வீடு கட்டுகிறேன், எல்லா ரூமுக்கும் நெட்வொர்க் கேபிள் இழுக்கிறேன் என்றால் ஏதோ தந்திக் கம்பி நடுகிற மாதிரி பார்க்கிறார்கள். வைஃபை காற்றில் வருகிறது, சரி, ஆனால் அந்த வைஃபையை அனுப்புகிற பெட்டிக்கு ஒயர் வேண்டுமே! இப்போது நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் ரூட்டர் வாசல் பக்கம், என் மேசை மாடியில். நடுவில் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரும் ஒரு கான்கிரீட் தளமும். 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அந்தத் தளத்தைத் தாண்டி வரும்போது உயிர் மட்டும்தான் மிச்சம். மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று சீலிங்கில் ஆக்சஸ் பாயின்ட் என்கிற வைஃபை பெட்டி வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி கேபிள் கொடுத்தால் அந்தத் தொல்லையே இல்லை. கேமராவும் அப்படித்தான். பேட்டரி கேமரா வாங்கினால் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஏணி போட்டு ஏறுவது நான்தான். பி.ஓ.இ. (பவர் ஓவர் ஈதர்நெட்) கேமராவுக்கு ஒரே கேபிளில் கரண்டும் போகும், படமும் வரும். பக்கத்தில் பிளக் பாயின்ட்கூடத் தேவையில்லை.

ஆனால் இந்த ஆறு மாதத்தில் எனக்கு உறைத்த விஷயம் கேபிள்கூட இல்லை, பைப். கேபிளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கேமராவை மாற்றலாம், இன்றைக்கு வாங்குகிற ஸ்மார்ட் சமாச்சாரம் எதுவும் பத்து வருஷம் தாங்காது. தளத்துக்குள் பைப் போட ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும், அது கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின நாள். 3 மீட்டர் லென்த் ஒன்றின் விலை ஒரு நல்ல பிரியாணிக்குள் அடங்கிவிடும். அதில் போய்க் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

எங்கள் வீடு கடலூரில், செம்மண்டலத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. எஞ்சினியர் பிளானில், எல்லா கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டிக்குக் கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் இடம் விட்டிருந்தார். "அந்த இடம் சும்மாதான கெடக்கு" என்று அண்ணனும் ஆமோதித்தார். நான் மட்டும் முடியவே முடியாது என்று நின்றேன். காரணம் குண்டுஉப்பலவாடி பக்கம் இருக்கும் அக்கா வீடு. 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. புயல் போய்விட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகுதான் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. அக்கா வீட்டு ஹாலில் இடுப்பளவு. கேமரா ரெக்கார்டர், ரூட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் மாடிப்படிக்குக் கீழேதான் வரிசையாக இருந்தன. வெள்ளம் வடிந்து ரெக்கார்டரைக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து சேறோடு ஒரு சின்ன நண்டு விழுந்தது. அக்கா பையனுக்கு மட்டும் அன்றைக்கு ஒரே சிரிப்பு.

அதனால் எங்கள் வீட்டில் பெட்டி முதல் மாடி நடையில், பரணுக்குக் கீழே. எல்லா பைப்பும் அங்கே வந்து முடிகிறது. கீழ்த்தளத்தில் டேட்டா பாயின்ட்டுகளைத் தரையிலிருந்து ஓர் அடியில் வைக்காமல், ஸ்விட்ச் போர்டு உயரத்துக்கே ஏற்றிவிட்டேன். பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான், இருக்கட்டும். பெட்டிக்கு இன்வெர்ட்டர் லைனிலிருந்து தனி பாயின்ட். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது. அப்போது வைஃபையை யார் தேடினார்கள் என்று அப்பா கேட்கிறார், நியாயம்தான். ஆனால் சாதாரணமாக ரெண்டு மணி நேரம் கரண்ட் போகும்போது கேமரா நிற்காமல் ஓட வேண்டும் இல்லையா?

எலக்ட்ரீஷியனிடம் நான் அதிகம் மல்லுக்கட்டியது லூப் விஷயத்தில். லைட்டுக்கும் பிளக்குக்கும் ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸுக்கு ஒயரை நீட்டிக்கொண்டே போவது அவர்கள் கைப்பழக்கம், அதில் தப்பும் இல்லை. நெட்வொர்க் கேபிளுக்கு அது ஆகாது. ஒவ்வொரு பாயின்ட்டிலிருந்தும் ஒரு முழு கேபிள், நடுவில் ஒட்டு இல்லாமல், பெட்டி வரைக்கும் தனியாக வர வேண்டும். நான் ஒரு நாள் சைட்டுக்குப் போகவில்லை, அன்றைக்கு டிவி பாக்ஸிலிருந்து ஸ்டடி ரூம் பாக்ஸுக்கு ஒரு பைப்பை இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விட்டார். முந்தின ராத்திரி காணாமல் போன 19ஆவது பைப்பின் கதை இதுதான். அதை எடுத்துவிட்டு, பெட்டிக்கு நேராக ஒன்று போட்டோம்.

பைப் அளவுக்கு என் கணக்கு: கேட் 6 வகை நெட்வொர்க் கேபிள் சுமார் 6 எம்.எம். தடிமன், 25 எம்.எம். பைப்பில் நாலு கேபிள் சிரமமில்லாமல் போகும், 20 எம்.எம்.மில் ரெண்டுதான். பொடி எல்போ போட விடாதீர்கள், நீள வளைவுள்ள பெண்டுதான் போட வேண்டும். ஒரு பைப்பில் ரெண்டு பெண்டுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு பாக்ஸ் வைத்துவிடுங்கள். இந்தக் கேபிளை 11 கிலோ விசைக்கு மேல் இழுத்தால் உள்ளே முறுக்கியிருக்கும் ஜோடிகள் கலைந்துவிடும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, வேகம் மட்டும் குறையும். 230 வோல்ட் ஒயர் போகும் பைப்பில் இதைச் சேர்த்துத் திணிக்கவே கூடாது. பக்கத்தில் ஓடினாலும் ஓர் அடியாவது தள்ளி ஓடட்டும், குறுக்கே வெட்டிப் போக வேண்டுமென்றால் நேர் குறுக்காகப் போகட்டும்.

தளம் போட்டு, சென்ட்ரிங் பிரித்து, முதல் வேலையாக எல்லா பைப்பிலும் கேபிள் இழுக்கிற ஸ்பிரிங்கை விட்டுப் பார்த்தோம். 18 பைப்பில் வழுக்கிக்கொண்டு போனது. பத்தொன்பதாவதில் நாலடி போய் நின்றுவிட்டது. ராத்திரி போட்ட அதே பைப். பைப் ஒட்டும் சொல்யூஷன் டப்பாவில் அடிமட்டம்தான் மிச்சம் இருந்தது, கப்ளிங்கில் சரியாகத் தடவவில்லை. கான்கிரீட்டில் வைப்ரேட்டர் போட்டபோது ஜாயின்ட் விலகி சிமென்ட் பால் உள்ளே போய்க் கல்லாகிவிட்டது. அண்ணன் ஸ்பிரிங்கை வெளியே இழுத்து முனையைக் காட்டினார், வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. அப்போதும் என் மேல் கோபப்படவில்லை, "டார்ச் வெளிச்சத்துல பண்ண வேல தம்பி" என்றார். பக்கத்தில் டிவிக்கு வந்த 25 எம்.எம். பைப்பில் இன்னும் ரெண்டு கேபிளுக்கு இடம் இருந்ததால் தப்பித்தேன். டிவி பாக்ஸ் வரை அதிலேயே கொண்டுவந்து, அங்கிருந்து சுவரில் காடி எடுத்து ஸ்டடி ரூமுக்கு விட்டோம். கேபிளுக்கு நடுவில் ஒட்டு இல்லை என்பதால் இது லூப் கணக்கில் வராது. 20 எம்.எம். போதும் என்று மிச்சம் பிடித்திருந்தால் பூசின சுவரில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருப்பேன்.

கேபிள் இழுப்பதற்காகப் பைப்புக்குள் விட்டுவைக்கும் கயிற்றைக் கடலூர் முதுநகரில் மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கினேன். வலைக்கு வாங்கும் நைலான் கயிறு, ஒரு கண்டு வாங்கினால் வீடு முழுக்கப் போதும். எத்தனை வருஷம் ஆனாலும் மக்காது. கேபிள் இழுக்கும்போது கூடவே இன்னொரு கயிற்றையும் கட்டி இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவைக்குக் கயிறு இருக்காது.

கேபிள் வாங்கும்போது ஒரு ஏமாற்று நடக்கிறது. 305 மீட்டர் பெட்டி ஒன்றைக் கடைக்காரர் பாதி விலைக்குச் சொன்னார். ஒரு முனையை உரித்து பிளேடால் கீறினேன், செம்புப் பூச்சுக்குக் கீழே பளபளவென்று வெள்ளை. அலுமினியம். மின்தடை அதிகம் என்பதால் பி.ஓ.இ. கரண்ட் போகும்போது சூடாகும், தூரத்துக் கேமராவுக்கு வோல்டேஜ் போய்ச் சேராது, அலுமினியம் நம் உப்புக் காற்றில் ஜாயின்ட்டில் பூத்து முறியவும் செய்யும். முழுச் செம்பு என்று அச்சடித்திருந்தாலும் கீறிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கேட்டுக்கும் வெளிக் கேமராக்களுக்கும் வெயில் தாங்குகிற கறுப்பு உறை போட்ட கேபிள் தனியாக வாங்க வேண்டும்.

இதெல்லாம் ஆடம்பரம் என்று சொன்ன அம்மாவை மாற்றியது தண்ணீர் டேங்க்தான். மொட்டை மாடி டேங்கிலிருந்தும் கீழே சம்பிலிருந்தும் மோட்டார் ஸ்டார்ட்டர் வரைக்கும் ஒரு பைப், அதில் தண்ணீரில் மிதந்து மட்டம் பார்க்கிற 12 வோல்ட் ஃப்ளோட் ஸ்விட்ச்சின் ஒயர். மேலே நிரம்பினால் மோட்டார் நிற்கும், சம்ப் காலியானாலும் நிற்கும். 230 வோல்ட்டை நேராகத் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள் சிலர், அதைப் பண்ணாதீர்கள். நடுவில் ஒரு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்துகிற ஸ்விட்ச்) வைத்தால் போதும்.

அப்பாவின் கேள்வி வேறு. "நெட் போனா லைட் எரியுமா?" எரியும், சுவர் ஸ்விட்ச் எப்போதும்போல வேலை செய்யும். லைட்டைப் போனிலிருந்து போட ஸ்விட்ச்சுக்குப் பின்னால் மாட்டும் சின்ன மாடுலுக்கு எப்போதும் கரண்ட் வேண்டும், அதற்கு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) வேண்டும். நம் ஊரில் வெறும் ஸ்விட்ச் மட்டும் இருக்கும் பாக்ஸுக்குப் பெரும்பாலும் நியூட்ரல் கொண்டுவர மாட்டார்கள், ஃபேஸ் மட்டும் இறங்கி ஏறும். அதனால் எல்லா பாக்ஸுக்கும் நியூட்ரல், எல்லாம் ஆழமான பாக்ஸ் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மாடுலை இப்போது வாங்கவில்லை. வேண்டும் என்கிறபோது மாட்டிக்கொள்ளலாம், அதுவரை சாதாரண ஸ்விட்ச்.

பூச்சு வேலைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்துப் போட்டோ எடுத்தேன். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை இஞ்ச் என்று தெரிகிற மாதிரி. தங்கச்சிதான் டேப் பிடித்தாள், எல்லாப் படத்திலும் அவள் கட்டைவிரல் இருக்கிறது. நாளைக்கு காலண்டர் ஆணி அடிக்கிறவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அடிக்கட்டும்.

இவ்வளவு எண்ணியும் ஒன்று விட்டுப்போனது. மொட்டை மாடிக்கு சோலார் போடுவதாகப் போன மாதம் முடிவாயிற்று. அதன் இன்வெர்ட்டரிலிருந்து நெட்வொர்க் பெட்டிக்கு ஒரு கேபிள் வர வேண்டும், மேல் தளத்தில் பைப் இல்லை. டேங்க் ஒயர் போகும் பைப் எதிர் மூலையில் இருக்கிறது. மாடிப்படிச் சுவரில் கேசிங் பட்டை அடிப்பதைத் தவிர வழியில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். பெயின்ட் அடித்த பிறகு அதே கலரில் அதையும் அடித்துவிட்டால் தெரியாது என்கிறார். அம்மா இப்போதே தெரியும் என்கிறார்.